எப்ப வேணும்னாலும் பார்க்கலாம்

கேத்ரின் டீச்சரின் முதல் ஒன்லைன் கிளாஸில் பிள்ளைகளின் குரலை விடக் காற்றின் இரைச்சல்தான் அதிகமாகக் கேட்டது. பதினோராம் தரத்தில் மொத்தம் இருபத்தெட்டுப் பேர். சூமுக்குள் வந்தவை ஆறு போன்கள். ஆறும் ஒரே இடத்திலிருந்து வந்தன. தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில், தண்ணீர்த் தாங்கிக்கும் மேலே, காட்டோரமாக ஒரு பெரிய பாறை இருக்கிறது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் சிக்னல் எடுக்காது, அந்தப் பாறையில் ஏறினால்தான் எடுக்கும். கொரோனா வந்த முதல் வருஷம், பங்குனியில் பள்ளிக்கூடங்களை மூடி ஊரடங்கும் போட்ட பிறகு, அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று மிஞ்சியது அந்தப் பாறைதான்.

கேத்ரின் பூண்டுலோயா டவுனில் ஒரு பார்மசிக்கு மேல்மாடியில் அறை எடுத்திருந்தாள். சொந்த இடம் றொசல்ல பக்கம். அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தவர்கள். விஞ்ஞான டீச்சராகி மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. ஊரடங்கில் வீட்டுக்குப் போக முடியாமல் அறையிலேயே மாட்டிக்கொண்டவள், பழைய கலண்டர் ஒன்றைத் திருப்பிச் சுவரில் ஒட்டி, அதன் வெள்ளைப் பக்கத்தில் மார்க்கரால் எழுதிப் படிப்பித்தாள். போன் ரைஸ் குக்கரில் சாய்ந்து நிற்கும்.

பத்து மணி என்று நேரம் வைத்ததற்குக் காரணம் இருந்தது. மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும், பாறை வழுக்கும். ஆனால் பத்து மணிக்குப் பாதி வீடுகளில் போன் இருக்காது. ஊரடங்கிலும் தோட்ட வேலை நிற்கவில்லை. அப்பாவின் போன் அப்பாவின் சட்டைப்பையில் மலைக்குப் போய்விடும். அதனால் ஒரு போனைச் சுற்றி இரண்டு பேர், மூன்று பேர் என்று உட்கார்ந்தார்கள். மூன்றாம் வாரத்தில் போன்கள் ஏழு, பிள்ளைகள் பதினைந்து என்று ஆனது. அதற்கு மேல் ஏறவில்லை.

அந்தப் பதினைந்து பேரில் கிருஷாந்தி ஒருத்தி. அவளுக்குச் சொந்தமாகப் போன் இல்லை, ஜெனுஷாவின் போனில்தான் வருவாள். ஜெனுஷா கெட்டிக்காரி, சொன்னவுடன் பிடித்துக்கொள்வாள். கிருஷாந்தி அப்படியில்லை. ஆனால் வெளங்காததை வெளங்கியது மாதிரி வைத்துக்கொண்டு போகவும் மாட்டாள். கேத்ரின் பாதி வசனத்தில் இருக்கும்போதே உள்ளே புகுவாள்.

"டீச்சர், டீச்சர், நில்லுங்க. அந்த எடம் வெளங்கல. இன்னொருக்கா சொல்லுங்க."

முதலில் இது கேத்ரினுக்குச் சள்ளையாக இருந்தது. பிறகுதான் கவனித்தாள், அவள் கேட்கும் இடத்தில் மற்ற பதினான்கு பேருக்கும்கூட வெளங்கியிருக்கவில்லை. கேட்கத் துணிந்தவள் இவள் ஒருத்தி. ஒரு கட்டத்துக்கு மேல் கேத்ரின் பாடத்தை இவளுக்காகவே தயாரித்தாள். கிருஷாந்தி எங்கே நிறுத்துவாள், எதைக் கேட்பாள் என்று முதல் நாளே யோசித்து வைப்பாள். அப்படியும் கிருஷாந்தி வேறொரு இடத்தில் நிறுத்துவாள்.

கணித ஆசிரியர் பிரதாப் வேறு மாதிரி. அவன் வீட்டுச் சுவரில் வெள்ளைப் பலகை மாட்டி, பாடத்தை வீடியோவாக எடுத்து, வட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவான். நல்ல குரல், தெளிவான எழுத்து. கேத்ரினுக்கும் அவனுக்கும் போனில் அடிக்கடி வாக்குவாதம் வரும்.

"டீச்சர், நீங்க பதினைஞ்சு பேருக்குப் படிப்பிக்கிறீங்க. மிச்சம் பதிமூணு பேரு என்ன பாவம் பண்ணினாங்க?" என்று ஒருநாள் கேட்டான். "என்னோடது இருபத்தெட்டுப் பேருக்கும் போகுது. அப்பா வேலை விட்டு வந்ததும் போனை வாங்கிப் பாக்கலாம். வெளங்கலன்னா திருப்பிப் பாக்கலாம்."

"போகுது சேர். பாக்குறாங்களா?"

"உங்க கிளாஸ்ல மட்டும் எல்லாரும் கேக்குறாங்களா? பாதி நேரம் லைன் கட்டாகுது, மிச்ச நேரம் காத்து."

"என்னோடதுல ஒருத்தி நில்லுங்கன்னு சொல்லுவா. நான் நிப்பேன்," என்றாள் கேத்ரின். அது பதிலா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தப் பதிமூன்று பேரின் பெயர்கள் அவளையும் உறுத்திக்கொண்டுதான் இருந்தன. றொக்சன் என்று ஒரு பையன், போன வருஷம் விஞ்ஞானத்தில் முதலாவதாக வந்தவன், ஒரு நாள்கூடப் பாறைக்கு வரவில்லை. அவன் வீட்டுப் போன் ஐந்து மணிக்குப் பிறகுதான் வீட்டுக்கு வரும்.

சித்திரை கடைசியில் ஒரு புதன்கிழமை. இதயத்தின் நான்கு அறைகளைக் கலண்டரில் வரைந்து, குருதி எந்த வழியாக உள்ளே வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்று அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தாள். கிருஷாந்தி வழக்கம்போலக் குறுக்கே வந்தாள்.

"டீச்சர், நில்லுங்க. நொரையீரல்லருந்து வர்றது எந்தப் பக்கம்? எடதா, வலதா?"

கேத்ரின் மார்க்கரை இடது பக்கம் கொண்டுபோன போது ஒரு பையன் கத்தினான். "குளவி!"

அதற்குப் பிறகு கேத்ரின் பார்த்தவை எதற்கும் ஒழுங்கு இல்லை. ஒரு போனில் ஓடும் செருப்புகள். ஒரு போனில் புல். ஜெனுஷாவின் போன் மல்லாந்து விழுந்து வானத்தைக் காட்டியது. சாம்பல் வானத்தில் புள்ளி புள்ளியாக எதுவோ சுற்றியது. சத்தம் மட்டும் எல்லாப் போன்களிலிருந்தும் வந்தது. "ஓடுங்க! கீழ ஓடுங்க! தலைய மூடிக்கோங்க!" என்று கேத்ரின் நாலு சுவருக்குள் நின்று கத்தினாள். அவள் குரல் அந்தப் பாறையில் விழுந்துகிடந்த போன்களிலிருந்து சன்னமாகக் கேட்டிருக்கும். யாரும் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. பார்மசிக்காரர் மேலே ஓடிவந்து கதவைத் தட்டினார்.

பருந்து ஒன்று மரத்திலிருந்த குளவிக் கூட்டைத் தட்டிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். ஒன்பது பிள்ளைகளுக்குக் கொட்டியிருந்தது. கொழுந்து ஏற்றும் லொறியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எட்டுப் பேர் இரண்டு நாளில் திரும்பினார்கள். ஜெனுஷா பாறை இடுக்கில் கால் மாட்டி விழுந்திருந்தாள். அவள் முகத்திலும் கழுத்திலும் கொட்டியதை எண்ண முடியவில்லை. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்துக்கொண்டாள். வலது கண்ணில் பார்வை மங்கலாகவே நின்றுவிட்டது.

அதிபர் கணேசமூர்த்தி போன் எடுத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று கேத்ரினுக்குத் தோன்றியது.

"டீச்சர், தோட்டத்துத் தொரை அந்தப் பக்கம் பிள்ளைகள் யாரும் ஏறக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. இனி லைவ் வேணாம். பிரதாப் மாதிரி வீடியோ எடுத்துப் போடுங்க."

"சரி சேர்."

"உங்க பிழை இல்ல."

பத்து மணிக்கு வாருங்கள் என்று சொன்னது அவள். வராதவர்களைப் பெயர் சொல்லிக் கேட்டது அவள். பாறையில் ஏற்றியது யார் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

குற்றம் செய்தவள் மாதிரி உழைத்தாள். ஒவ்வொரு பாடத்தையும் எட்டு நிமிஷத்துக்குள் சுருக்கி, போனில் இடம் பிடிக்காத அளவுக்குச் சிறிதாக்கி அனுப்பினாள். பிசகினால் முதலிலிருந்து எடுத்தாள். கிருஷாந்தி நிறுத்தக்கூடிய இடங்களில் தானே நிறுத்தி, "இந்த இடம் வெளங்கலன்னா கொஞ்சம் பின்னுக்குப் போய்த் திரும்பப் பாருங்க" என்று சேர்த்தாள். முதல் வீடியோவோடு ஒரு செய்தியும் போட்டாள்: 'அவசரம் இல்லை. போன் கையில் கிடைக்கும்போது எப்ப வேணும்னாலும் பார்க்கலாம். யாரும் மலைக்கு ஏற வேண்டாம். கீழே கடைப்பக்கம் வரும்போது டவுன்லோட் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.'

முதல் வாரம் அவளே ஆச்சரியப்பட்டாள். இருபத்தெட்டில் இருபத்து நாலு பேர் பார்த்ததாக வந்தது. றொக்சன் எல்லாக் கேள்விகளுக்கும் விடை எழுதிப் படம் பிடித்து அனுப்பினான். எல்லாமே சரி. பிரதாப் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று அவள் நினைத்தாள். அவனிடமும் சொன்னாள். அவன் அதைக் குத்திக்காட்டவில்லை.

"போகப் போகப் பாப்போம் டீச்சர்," என்று மட்டும் சொன்னான்.

இரண்டாம் வாரம் விடை அனுப்பியவர்கள் பதினொரு பேர். மூன்றாம் வாரம் ஆறு. பிறகு றொக்சனும் இன்னொரு பிள்ளையும். குரூப்பில் கட்டைவிரல் படங்கள் மட்டும் தவறாமல் வந்தன. சில போன்களிலிருந்து வீடியோ போட்ட அதே நிமிஷத்தில் வந்தன. எட்டு நிமிஷப் பாடத்தை ஒரு நிமிஷத்தில் எப்படிப் பார்த்திருக்க முடியும்? 'வெளங்காததைக் கேளுங்கள்' என்று எழுதினாள். யாரும் கேட்கவில்லை.

கிருஷாந்தியிடமிருந்து ஒரே ஒரு குரல் செய்தி வந்தது. அவள் அப்பா கந்தப்பன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தவர். கடை மூடியதும் போனோடு ஊருக்கு வந்திருந்தார். அந்தப் போனிலிருந்து பேசினாள். "டீச்சர், நாலாவது வீடியோல அஞ்சு நிமிஷத்துக்குப் பொறகு சொல்றது வெளங்கல. மூணு தரம் பாத்துட்டேன். திருப்பித் திருப்பி அதையேதான் சொல்றீங்க."

கேத்ரின் உடனே விளக்கம் பேசி அனுப்பினாள். அது போய்ச் சேர்ந்த அடையாளம் மறுநாள் வந்தது. கேட்ட அடையாளம் அதற்கும் நாலு நாள் கழித்து. 'இப்போது வெளங்கியதா?' என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

ஆனி மாதம் ஊரடங்கைத் தளர்த்தினார்கள். கேத்ரின் பயிற்சித் தாள்களைப் போட்டோகொப்பி எடுத்துக்கொண்டு, முச்சக்கர வண்டி போகும் இடம் வரை போய், அதற்கு மேல் நடந்து மேல் டிவிஷனுக்குப் போனாள். முதலில் ஜெனுஷாவின் வீட்டுக்குத்தான் போனாள். ஜெனுஷா கறுப்புக் கண்ணாடி போட்டு, கதவுக்குப் பின்னால் நின்றாள். அவள் அம்மா தேத்தண்ணி கொடுத்தாள், மரியாதையாகப் பேசினாள், உட்காரச் சொல்லவில்லை.

கிருஷாந்தியைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களின் வரிசையில் நின்றாள். இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குச் சாக்கு, தலையில் கொழுந்துப் பை. அம்மா மீனம்மா பக்கத்து நிரையில். டீச்சரைக் கண்டதும் கிருஷாந்தி செடிகளுக்குள் குனிந்துகொண்டாள். மீனம்மாதான் றோட்டுக்கு இறங்கி வந்தாள்.

"டீச்சர் இவ்வளவு தூரம் நடந்து வந்தீங்களா? சொல்லியிருந்தா நாங்க வந்திருப்போமே."

"கிருஷாந்தி ஏன் மலைக்கு வந்திருக்கா?"

"பேர் பதியாத கைக்காசு வேலைக்குங்க. அவுங்க அப்பா சும்மாதான் இருக்காரு. இப்ப கொழுந்து நெறைய இருக்கு, ஆள் கேட்டாங்க."

"வருஷக் கடைசியில ஓ.எல். பரீட்சை இருக்குது. பாடம்?"

மீனம்மா கையிலிருந்த கொழுந்துக் கறையைச் சேலையில் துடைத்தாள். கோபமாகப் பேசவில்லை. ஒரு கணக்கைப் புரியவைப்பவள் மாதிரி நிதானமாகப் பேசினாள்.

"டீச்சர், முந்தி பத்து மணிக்கு நீங்க பேர் கூப்பிடுவீங்க. காலையில வேலைக்குப் பெரட்டுல பேர் கூப்பிடுற மாதிரி. அந்த நேரத்துக்கு அவ போகல்லன்னா நீங்க கேப்பீங்க. அதனால கங்காணி வந்து புள்ளைய அனுப்புன்னு சொன்னப்போ, முடியாதுங்க, டீச்சர் காத்துக்கிட்டு இருப்பாங்கன்னு சொன்னேன். அவரும் போயிட்டாரு. இவுங்க அப்பா கேட்டப்பவும் அதான் சொன்னேன். இப்ப என்னத்தச் சொல்ல? எப்ப வேணும்னாலும் பாக்கலாம்னு நீங்கதான் எழுதியிருந்தீங்க. அவரு அத வாசிச்சுக் காட்டுறாரு. அப்ப ராவைக்குப் பாக்கட்டும், பகல்ல வேலைக்குப் போகட்டும்கிறாரு."

"ராவைக்குப் பாக்குறாளா?"

"வந்து குளிச்சு, சாப்பிட்டா தூங்கிருவா. நீங்களும் பாக்கிறீங்கதானே இந்த மலைய. ஏறி எறங்குன ஒடம்பு." பிறகு சற்றுத் தயங்கிச் சொன்னாள், "போன்ல எடம் இல்லன்னு அவரு வீடியோவெல்லாம் அழிச்சிட்டாரு. கோவிச்சுக்காதீங்க."

கேத்ரின் தாள்களை மீனம்மாவிடம் கொடுத்தாள். செடிகளுக்குள் குனிந்து நின்றவள் நிமிரவேயில்லை. விரல்கள் மட்டும் வேகமாக ஓடின. வேலைக்கு வந்த நாலு வாரத்தில் நன்றாகப் பழகியிருந்தாள்.

தோற்றுப் போக மனமில்லாமல் கேத்ரின் இன்னொன்றும் செய்து பார்த்தாள். சூம் வேண்டாம், வீடியோவும் வேண்டாம். சாயந்தரம் ஆறு மணிக்குச் சாதாரணமாகவே போன் எடுத்து, கிருஷாந்தி ஒருத்திக்கு மட்டும் அரை மணித்தியாலம் பாடம் சொல்வதாகக் கந்தப்பனிடம் கேட்டாள். அவர் மறுக்கவில்லை. கோயில் பக்கத்து மதகில் உட்கார்ந்தால் அழைப்பு மட்டும் எடுக்கும் என்றார்.

முதல் நாள் கிருஷாந்தி பேசினாள். இரண்டாம் நாள் "ம்" கொட்டினாள். கேத்ரின் அவள் குறுக்கே வருவாள் என்று வேண்டுமென்றே ஒரு இடத்தைப் பிழையாகச் சொல்லிப் பார்த்தாள். "ம்" என்றுதான் வந்தது.

"கிருஷாந்தி, வெளங்குதா?"

"வெளங்குது டீச்சர்."

"நான் பிழையாச் சொன்னேன்."

"கையெல்லாம் வலிக்குது டீச்சர்," என்றாள் கிருஷாந்தி. மூன்றாம் நாள் மழை. நாலாம் நாள் கந்தப்பன் போனை எடுத்து, பிள்ளை படுத்துவிட்டாள் என்றார். ஐந்தாம் நாள் கேத்ரின் எடுக்கவில்லை. எடுத்தால் அந்தப் பிள்ளையைத் தண்டிப்பதாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

ஆடியில் பள்ளிக்கூடம் திறந்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டு பத்தொன்பது பேர் வந்தார்கள். ஜெனுஷா வந்தாள், முன் வரிசையில் உட்கார்ந்தும் பலகையைச் சரித்துப் பார்த்தாள். கிருஷாந்தி வரவில்லை. தெரிந்த ஒருவர் மூலமாக அவளைக் கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள் என்று றொக்சன் சொன்னான். அன்றே கேத்ரின் கந்தப்பனுக்குப் போன் எடுத்தாள். "பரீட்சைக்கு அனுப்பிருவேன் டீச்சர், சொல்லியிருக்கேன்," என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அப்படி நம்பினார் என்பது குரலில் தெரிந்தது. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

விட்ட பாடங்களை முடிக்க கேத்ரின் ஓடினாள். ஆறு மாதப் பாடத்தை மூன்று மாதத்தில் தள்ள வேண்டியிருந்தது. லைவில் வந்த பிள்ளைகளுக்கு இதயம் பாதி வரை தெரியும். வீடியோ பார்த்த பிள்ளைகளுக்கு வரைவிலக்கணம் தெரியும், ஏன் என்று கேட்டால் தெரியாது. றொக்சனுக்கு எல்லாம் தெரிந்தது. அவனுக்குக் கல்லில் எழுதிக் கொடுத்தாலும் படிப்பான் என்று பிரதாப் சொன்னான். நம் இருவராலும் அவனுக்கு ஆனது ஒன்றுமில்லை என்பதைத்தான் பிரதாப் அப்படிச் சொன்னான் என்று கேத்ரினுக்குப் பட்டது.

ஐப்பசியில் கொரோனா மறுபடி பரவி, பள்ளிக்கூடங்களை மறுபடி மூடினார்கள். அதிபர் அன்று காலையிலேயே போன் எடுத்தார்.

"வலயக் கல்வி ஒபீசுக்கு அறிக்கை அனுப்பணும் டீச்சர். ஒவ்வொரு பாடத்துக்கும் என்ன முறைன்னு கேட்டிருக்காங்க. உங்களுக்கு லைவா, ரெக்கோடிங்கா?"

"யோசிச்சுச் சொல்றேன் சேர்."

மத்தியானம் தெரியாத ஒரு நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"டீச்சர், நான் கிருஷாந்தி. வீட்டு நோனாட போன். அவுங்க குளிக்கப் போயிருக்காங்க."

எப்படி இருக்கிறாய், சாப்பாடு சரியாகக் கொடுக்கிறார்களா, பரீட்சைக்கு எப்போது வருவாய் என்று கேத்ரின் மாறி மாறிக் கேட்டாள். கிருஷாந்தி கடைசிக் கேள்வியை விட்டுவிட்டு மற்றவற்றுக்குப் பதில் சொன்னாள். நல்லாத்தான் வைத்திருக்கிறார்கள். சாப்பாடு இருக்கிறது. குளிர் இல்லை.

"இங்க ஒரு பேபி இருக்கு டீச்சர், ரெண்டாம் வகுப்பு. அதுக்கும் சூம் கிளாஸ். எந்திரிச்சு ஓடிரும். நான்தான் பக்கத்துல உக்காந்து புடிச்சு வச்சிருக்கணும்." சிரித்தாள். "அந்தக் கிளாஸ் டீச்சர் பேர் கூப்பிட்டா நான்தான் அதோட கைய தூக்கி விடுவேன்."

"உனக்குப் படிக்க நேரம் கிடைக்குதா? நான் வீடியோ அனுப்பவா? இந்த நம்பருக்கு..."

"இதுக்கு அனுப்பாதீங்க டீச்சர். ஏசுவாங்க." பிறகு அவசரமாக, "அந்த எடதா வலதான்னு கேட்டேனே..." என்று ஆரம்பித்தாள். பின்னால் ஒரு பெண் சிங்களத்தில் ஏதோ கூப்பிட்டது கேட்டது. "வைக்கிறேன் டீச்சர்," என்றாள். லைன் போய்விட்டது.

கேத்ரின் அந்த நம்பருக்குத் திருப்பி எடுக்கவில்லை. எடுத்தால் அங்கே கிருஷாந்திக்குத்தான் பேச்சு விழும்.

பரீட்சை தை மாதத்துக்கும், பிறகு பங்குனிக்கும் தள்ளிப்போனது. கிருஷாந்தி வரவில்லை. விஞ்ஞானத்தில் பத்தொன்பது பேரில் ஏழு பேர் சித்தியடைந்தார்கள். றொக்சனுக்கு 'ஏ'. ஜெனுஷாவுக்குச் சித்தியடையும் அளவுக்குப் புள்ளி எட்டவில்லை. இதெல்லாம் பின்னால் நடந்தவை.

அன்றைக்கு, கிருஷாந்தி போனை வைத்த பிறகு, கேத்ரின் கட்டில் விளிம்பில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். மூன்று மணிக்கு அதிபர் மறுபடி எடுத்தார்.

"என்ன டீச்சர், முடிவு பண்ணிட்டீங்களா? இன்னைக்கே அனுப்பணும்."

"ஏதாவது ஒண்ணப் போடுங்க சேர்."

"அப்படிச் சொன்னா எப்படி? ரெண்டுல எது நல்லதுன்னு உங்களுக்குத்தானே தெரியும்."

"தெரியாது சேர்," என்றாள் கேத்ரின். "உண்மையாவே தெரியாது."

"அப்ப ரெக்கோடிங்னு எழுதுறேன்," என்று சொல்லிவிட்டு அதிபர் போனை வைத்தார்.